நனகிழங்கு என்று எழுதியவர்

இரணியல்
11 பிப்ரவரி 2024

மீரா முகைதீன் காக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வரவில்லை. தேங்காப்பட்டணத்துக்கு வந்திருந்தேன். உங்கள் கடை ஷட்டர் இறங்கிக் கிடந்தது. பக்கத்துக் கடை ஷமீர்தான் சொன்னார்: “காக்கா மவ வீட்டுக்கு ஷார்ஜா போயாச்சு டீச்சர். எப்ப வருவாருன்னு தெரியாது.” புது நம்பரைக் கேட்டேன். யாருக்கும் தரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்களாம். என் முகத்தைப் பார்த்துச் சங்கடப்பட்டு, அவருடைய மச்சான் அடுத்த வாரம் ஷார்ஜா போவதாகவும், எழுதிக் கொடுத்தால் கொண்டு சேர்ப்பதாகவும் சொன்னார். கடைசியாக நான் யாருக்குக் கடிதம் எழுதினேன் என்றே நினைவில்லை.

ஜெயசிங் அண்ணனுக்கு நாற்பத்தொன்றாம் நாள் கழிந்தது. அருமனையில் அவர் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோப்பு ஓரம் அடக்கம் செய்திருக்கிறார்கள். அய்யாவழிக்காரர்கள், அதனால் பதியிலிருந்து ஆட்கள் வந்து பாட்டுப் படித்தார்கள். நம் வாட்ஸாப் செடிக் குழுவிலிருந்து கிளீட்டஸும் நானும் அடக்கத்துக்குப் போனோம். எங்களோடு யாரும் பேசவில்லை. அண்ணன் மனைவி தாணம்மாள் அக்கா அப்போது ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் கொஞ்சம்தான் சாப்பிட்டிருக்கிறார், அதனால் பிழைத்தார். ஆனால் தலைமுடி மொத்தமும் கொட்டிவிட்டது.

அன்று நடந்ததை நான் திரும்பத் திரும்ப வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை. திருவாதிரைக்குக் கிழங்குப் புழுக்கு அவிக்க வேண்டும் என்று அண்ணன் வேலியோரம் கிளறியிருக்கிறார். கொடி காய்ந்துபோயிருந்தது, இலை கிடையாது, பூ கிடையாது. கிழங்கைக் கழுவி வாளியில் போட்டு, படம் எடுத்துக் குழுவில் போட்டார். “இது நம்ம நனகிழங்குதானே?” நீங்கள் எழுதினீர்கள்: “நனகிழங்கேதான். தைரியமா அவிச்சுத் தின்னுங்க.” நான் தக்கலையில் ஒரு நிக்காஹ் வீட்டில் இருந்தேன். கையில் ஐஸ்கிரீம். உங்கள் பதிலுக்குக் கீழே கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன்.

அது மேந்தோன்னிக் கிழங்கு, செங்காந்தள். கார்த்திகையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்குமே, அதே கொடி. வருஷாவருஷம் என் மாணவிகளுக்கு, இதன் கிழங்கில் விஷம் இருக்கிறது என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன்.

நீங்கள் ஏன் போனீர்கள்? அடக்கத்துக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். ஒரு ஆளாக நின்று அதைத் தாங்க முடியவில்லை காக்கா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆதிரா


ஷார்ஜா
3 மார்ச் 2024

ஆதிரா டீச்சர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சுல்ஃபியா கேட்டாள், “யாருக்க லெட்டரு வாப்பா?” பழைய கடைப் பாக்கி என்று சொல்லிவிட்டேன். மகளிடம் பொய் சொல்லி எத்தனையோ வருஷம் ஆயிற்று.

ஏன் போனீர்கள் என்று கேட்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாதென்று நான் நினைக்கவில்லை. விசாரணைக்கு வந்த போலீஸ்காரர்களிடம் நீங்கள் சொன்னபோது கிளீட்டஸ் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். “அவர் ஹார்டுவேர் கடைக்காரர். அவருக்குத் தாவரவியல் தெரியாது. அவர் எழுதுவதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?” இதுதானே நீங்கள் சொன்னது? ஒரு சொல் கூடுதலோ குறைவோ இருந்தால் சொல்லுங்கள்.

பொய் என்று நான் சொல்லவில்லை. நான் கடைக்காரன்தான். தம்மாமில் பைப் குடோனில் இருபது வருஷம் இருந்தவன். அங்கே ஒரு பச்சை இலையைப் பார்க்க வேண்டுமென்றால் முதலாளி வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். ஊருக்கு வந்த பிறகு, கடற்கரையில் அடம்பங்கொடி பூத்துக் கிடப்பதைப் பார்த்து ஒரு நாள் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து மிதித்து நடந்த கொடி. அதன் பெயரைத் தேடித்தான் உங்கள் குழுவுக்கு வந்தேன். மண்டைக்காட்டு மணல்மேட்டில் கல்லூரிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னீர்கள்: “கடப்புறத்துச் செடி எதுவானாலும் மீரா காக்காவிடம் கேளுங்கள். எனக்கே சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்பேன்.” வீட்டுக்குப் போய் மனைவி ஜமீலாவிடம் அதைச் சொன்னேன். அவள் சிரித்தாள், “வாத்தியாரம்மை உங்கள நல்லா ஏத்தி விட்டிருக்கா.” நான் நம்பினேன் டீச்சர். கடப்புறத்துச் செடியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மலையோரத்துக் கிழங்குக்கும் நானே பதில் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

தப்பு என்னுடையதுதான். அதை உங்கள் மேல் ஏற்ற நான் எழுதவில்லை. ஆனால் நான் மண்டைக்காட்டில் செடி அறிந்த ஆளாக இருந்துவிட்டுப் போலீஸ் முன்னால் ஹார்டுவேர் கடைக்காரனாக ஆகிவிட்டேன். அது மட்டும் தொண்டையில் நிற்கிறது.

இங்கே ரவுண்டானாவில் கலர் கலராகப் பூச்செடி வைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளை கையை நீட்டிப் பெயர் கேட்கிறான். தெரிந்தாலும் சொல்வதில்லை.

தாணம்மாள் அம்மாளுக்கு ஏதாவது தேவை என்றால் ஷமீரிடம் சொல்லுங்கள்.

மீரா முகைதீன்


இரணியல்
24 மார்ச் 2024

காக்கா,

ஒரு சொல்லும் கூடுதல் இல்லை. அப்படித்தான் சொன்னேன்.

அதற்கு முந்தின நாள்தான் கல்லூரியில் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருந்தார்கள். பேப்பரில் ‘தாவரவியல் பேராசிரியை நடத்தும் குழு’ என்று வந்திருந்தது. வீட்டில் அவருக்கும் சரியான வேலை கிடையாது, மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். யாராவது ஒருவரைப் பிடித்துத் தள்ளிவிட்டு நான் தப்ப வேண்டியிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள்தான் இருந்தீர்கள். இதை இவ்வளவு தெளிவாக யோசித்து நான் செய்யவில்லை, ஆனால் செய்தது இதுதான். சொன்ன பிறகு வீட்டுக்கு வந்து சோறு தின்றேன். எப்படித் தின்றேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே என்னவோபோல் இருக்கிறது.

இருந்தாலும் உங்கள் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. ‘நனகிழங்கு மாதிரி இருக்கிறது’ என்று எழுதியிருக்கலாம். ‘டீச்சர் பார்க்கட்டும்’ என்று எழுதியிருக்கலாம். ‘தைரியமா’ என்ற சொல் எங்கிருந்து வந்தது உங்களுக்கு?

சரி. இன்னொன்று சொல்ல வேண்டும். மண்டைக்காட்டுக் கொடை முடிந்த மறு வாரம் தாணம்மாள் அக்காவைப் பார்க்கப் போனேன். தலையில் துவர்த்தைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். மகன் அபிலாஷ் சென்னையிலிருந்து வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போய்விட்டான். கூட வரச் சொல்லிக் கூப்பிட்டானாம், இவர் போகவில்லை.

நான் யாரென்று சொன்னேன். அக்கா என்னைத் திட்டவில்லை. நடந்ததைச் சொன்னார்: “கசக்குதுன்னு நான் சொன்னேன் மக்கா. அவரும் நுனி நாக்குல வச்சுப் பாத்துட்டு ஆமான்னாரு. பின்னயும் போன எடுத்து உங்ககிட்டக் கேட்டாரு. கொஞ்ச நேரம் பாத்தோம். பதிலு வரல்ல. அப்பம் அவரு சொன்னாரு, டீச்சரே கட்டவெரலு காட்டியாச்சு, பின்ன என்னட்டி, அடுப்பப் பத்த வையி.”

அவர் இரண்டாவது தடவை கேட்டதைக் குழுவில் எல்லாரும் பார்த்தோம் காக்கா. நானும் பார்த்தேன். பந்தி முடிந்து கை கழுவும்போது. அப்புறம் எழுதலாம் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது அக்கா கேட்டார், “அந்த நனகிழங்குன்னு எழுதுன ஆளு யாரு மக்கா? நான் சண்டைக்கில்ல. என்னத்தப் பாத்துச் சொன்னாருன்னு கேக்கணும்.” நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. ஊரில் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

வந்து ஒரு தடவை அவர் முன்னால் நில்லுங்கள்.

ஆதிரா


ஷார்ஜா
21 ஏப்ரல் 2024

டீச்சருக்கு,

பெருநாள் கழிந்தது. புதுச் சட்டை போடச் சொல்லி சுல்ஃபியா அழுதாள். அதற்காகப் போட்டேன்.

என்னத்தைப் பார்த்துச் சொன்னேன் என்று அந்த அம்மா கேட்கிறார். உங்களுக்குச் சொல்கிறேன். ஒன்றையும் பார்க்கவில்லை. கடையில் ஒருத்தர் பாத்ரூம் குழாய் மாற்றித் தரச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். போன் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. ஜெயசிங் என்று பெயர் தெரிந்தது. உங்களுக்குத் தெரியும், அவர் ஒரு நாளைக்கு எத்தனை படம் போடுவார் என்று. பாதி மங்கல், பாதியில் அவருடைய விரல். புல்லு, பாசி, களை, ஒன்றையும் விடமாட்டார். பஸ் டிரைவராக ஓடியபோது இந்த ரோட்டோரம் எல்லாம் வேகமாகப் போய்விட்டேன், இப்பம்தான் இறங்கிப் பார்க்கிறேன் என்று என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். நாம் எப்படி ஆனோம்? அவர் படம் வந்தால் நீங்கள் எனக்குத் தனியாக ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்புவீர்கள். நான் உங்களுக்கு ஒன்று அனுப்புவேன். யாராவது ஒருத்தர் சீக்கிரம் பதில் போட்டு அவரை அடக்கி வைக்க வேண்டும். அன்றைக்கு என் முறை. அவ்வளவுதான் நடந்தது. வாளியில் கிழங்கு இருந்தது, திருவாதிரை நேரம், நனகிழங்கு என்று எழுதினேன். ‘தைரியமா’ என்று எழுதினால் மறுபடி கேட்கமாட்டார் என்று எழுதினேன்.

மறுபடியும் கேட்டார். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இதைக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் சொல்லச் சொல்கிறீர்களா? உங்கள் புருஷன் எங்களுக்கு ஒரு தொந்தரவாக இருந்தார், அதனால் அவர் படத்தைப் பார்க்கவில்லை என்று? அறியாமல் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றாவது அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும். என்னால் வர முடியாது. பெயரைச் சொல்லாமல் விட்டதற்கு உங்களுக்கு நன்றி. ஆனால் அதற்கும் நான் தகுதியில்லை.

மீரா


இரணியல்
30 ஜூன் 2024

காக்கா,

உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் அந்தச் சிரிப்புப் பொம்மைகள்தான். நான் அவற்றை மறந்திருந்தேன். மறந்தே போயிருந்தேன் என்பதுதான் இன்னும் மோசம்.

குழுவைக் கலைத்துவிட்டேன்.

அருமனைச் செய்தி ஒன்று இருக்கிறது. மழைக்கு முன்னால் தாணம்மாள் அக்கா ஆள் வைத்து வீட்டைச் சுற்றி இருந்த எல்லாவற்றையும் வெட்டிவிட்டார். அண்ணன் எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து நட்டு, சிறிய தகரத்தில் பெயர் எழுதிக் கட்டியிருந்த செடிகள் எல்லாம் போயின. நான் போனபோது தகரங்கள் மட்டும் ஒரு சாக்கில் கிடந்தன. இப்போது மழை பெய்ததும் எல்லாம் திரும்ப முளைத்து வருகிறது, பெயர் இல்லாமல். எது எதென்று அக்காவுக்குத் தெரியவில்லை. அவர் மண்ணில் விளைந்த எதையும் அவர் தின்பதில்லை. முருங்கைக்கீரை இல்லை, பசலை இல்லை, குழம்புக்குக் கறிவேப்பிலைகூடக் கடையில் வாங்குகிறார். பாதி நாள் வெறும் பிரெட்தான். நன்றாக மெலிந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம் கீரை கொடுத்தாராம், அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டு, அவர் போன பிறகு வேலிக்கு வெளியே எறிந்ததைப் பார்த்துவிட்டார்.

நான் சொன்னேன்: “அக்கா, நான் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயர் சொல்கிறேன். எது நல்லது, எது கெட்டது என்று குறித்துத் தருகிறேன்.” அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கோபமாக இல்லை.

“ஒனக்க கட்டவெரலுதானே மக்கா அது?”

நான் திரும்பி வந்துவிட்டேன். இனி நான் சொல்வதை அவர் நம்பமாட்டார். ஏன் நம்ப வேண்டும்?

இந்தக் கடிதத்தில் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஆதிரா


தேங்காப்பட்டணம்
7 அக்டோபர் 2024

டீச்சர்,

ஊருக்கு வந்துவிட்டேன். கடை இன்னும் திறக்கவில்லை. நேற்று அருமனைக்குப் போய்வந்தேன். உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஜமீலா கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று தனியாக பஸ் ஏறினேன். வீட்டு நடையில் நின்று கூப்பிட்டேன். அந்த அம்மா வெளியே வந்தார். முடி முளைத்திருக்கிறது, மொட்டையடித்துச் சில மாதமான பிள்ளைக்கு இருக்குமே, அதுபோல.

“யாரு?”

“தேங்காப்பட்டணம். மீரா முகைதீன். நனகிழங்குன்னு எழுதுனது நான்தான்.”

நடைக்கதவைப் பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் சொன்னார்: “ஒம்மளப் பத்திச் சொல்லுவாரு. கடப்புறத்துச் செடியெல்லாம் அறிஞ்ச ஆளுன்னு.”

அதைக் கேட்டு நான் தலை குனிந்தேன். அவர் கேட்டார்:

“படத்தப் பெரிசாக்கிப் பாத்தீரா?”

“இல்லம்மா.”

“அதுக்கு எம்புட்டு நேரம் ஆவும்?”

“ஒரு நொடி போதும்.”

“பின்ன ஏன் பாக்கல்ல?”

டீச்சர், வழியெல்லாம் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். கடையில் கூட்டம், அவசரம் என்று. அது வாயில் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவர் நிறையப் படம் போடுவார், எங்களுக்குச் சலிப்பாக இருந்தது, அதனால் பார்க்கவில்லை என்றேன். உங்களையும் சேர்த்துத்தான் ‘எங்களுக்கு’ என்று சொன்னேன். அது தப்பென்றால் மன்னியுங்கள்.

அந்த அம்மா அழுவார் என்று நினைத்தேன். வாரியலை எடுத்து அடிக்க வருவார் என்றும் நினைத்தேன். “எனக்கும் சலிப்பாத்தான் இருந்துச்சு,” என்றார். “ஏட்டி இங்க வா, இதப் பாருன்னு ஒரு நாளைக்கு நூறு விளி. அடுப்புல வேலை கெடக்கு, நீரே பாரும்னு சொல்லுவேன்.” பிறகு கதவைத் திறந்து, “வாரும்,” என்றார். வீட்டுக்குள் இல்லை. தோப்புப் பக்கமாக நடந்தார்.

முதலில் முருங்கை. “இது என்ன?” என்றார். நாற்பது வருஷம் அந்த மரத்தில் கீரை ஒடித்த பெண் என்னிடம் கேட்கிறார். முருங்கை என்றேன். ஒரு கொழுந்தை ஒடித்து என் கையில் தந்தார்.

“செரி. தின்னும்.”

தின்றேன். நான் விழுங்கும் வரைக்கும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்து கறிவேப்பிலை. அடுத்து பொன்னாங்கண்ணி. கிணற்றடியில் வல்லாரை. ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லச் சொன்னார், தின்னச் சொன்னார். கழுவிக்கூடத் தரவில்லை. வேலிப்பக்கம் பசலைக்கொடி ஏறிக் கிடந்தது. அதைத் தின்னும்போது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பயத்தில் இல்லை. பசலை என்று நிச்சயமாகத் தெரிந்தும், இலையைத் திருப்பி, தண்டை முறித்து, முகர்ந்து, மறுபடி திருப்பிப் பார்த்தேன். இவ்வளவு நேரம் அன்று அந்தப் படத்துக்குக் கொடுத்திருந்தால்.

பசலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறு கொடி. கல்லிடுக்கில் புதிதாக ஏறியது. இலை முட்டை வடிவம், அடியில் கொஞ்சம் ரோமம். இரண்டு மூன்று பெயர்கள் வாய்க்குள் வந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“இது?”

“இது எனக்குத் தெரியாதும்மா.”

அந்த அம்மா இலையைப் பறிக்க நீட்டிய கையைக் கீழே போட்டார். என் முகத்தையே பார்த்தார். பெரிதாகச் சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டார்:

“இத அன்னைக்கு எழுதியிருக்கலாம்லா?”

அவர் பதிலுக்கு நிற்கவில்லை. வீட்டைப் பார்த்து நடந்தார். படியேறும்போது திரும்பாமலே, “மேலப் பக்கம் இன்னும் பாக்கல்ல. வார ஞாயிறு வாரும்,” என்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. எனக்கும் கேட்டு வாங்கத் தோன்றவில்லை. வாயெல்லாம் பச்சை வாடையோடு பஸ் ஏறினேன்.

போகிறேன், டீச்சர். அவர் வரச் சொல்லும் வரை போவேன். நீங்களும் வாருங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. போலீஸிடம் சொன்னதைப் பற்றி இனி நான் பேசமாட்டேன். தொண்டையில் நின்றது இன்னும் முழுசாக இறங்கவில்லை. பொய் சொல்ல விருப்பமில்லை. ஆனால் அதோடு சேர்த்தே உங்களுக்கு எழுத முடிகிறது.

மீரா


இரணியல்
21 அக்டோபர் 2024

காக்கா,

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் அருமனைக்கு வந்திருந்தேன்.

ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ரப்பர் தோப்பு வழியாக நடந்து வேலி வரைக்கும் வந்தேன். நீங்கள் முட்டியை மடக்கி ஒரு செடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். அக்கா பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. குடை பாதி உங்கள் மேலும் இருந்தது. அது காற்றுக்குச் சாய்ந்ததா, அவர் சாய்த்ததா என்று தெரியவில்லை.

உங்களைக் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டிருந்தால் நீங்கள் நிமிர்ந்திருப்பீர்கள். கையில் இருந்த இலையை என்னிடம் காட்டி, சரிதானா என்று என் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். நான்கு வருஷப் பழக்கம் அது. அதை அக்காவுக்கு முன்னால் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. என் கட்டைவிரலை நம்பித்தான் அவர் அன்று அடுப்பைப் பற்ற வைத்தார்.

திரும்பும்போது காலடியில் குச்சி முறிந்தது. அக்கா பார்த்துவிட்டார். ‘வா’ என்று கை காட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. உங்களிடம் எதுவும் சொல்லாமல், நான் தோப்பைத் தாண்டும் வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிறும் வருவேன். வேலி வரைக்கும்.

ஆதிரா